வெள்ளியின் அளவும் நாட்டின் வாழ்வும்



கடைக்குப் போகிறோம். பொருளை எடுத்துப் பார்த்துவிட்டு, ‘இது எத்தனை வெள்ளி?’ என்று கேட்கிறோம். ரிங்கிட் என்பது மலேசிய நாணயத்தின் பெயர். டாலர் என்பது சிங்கப்பூர் நாணயத்தின் பெயர். ஆனால் இவ்விரு நாடுகளிலும் வாழும் தமிழர்களாகிய நமக்கு இரண்டும் வெள்ளிதான். நாம் கொடுப்பதோ தாள். அதில் குன்றிமணி அளவு வெள்ளிகூட இல்லை. ரிங்கிட் என்ற மலாய்ச் சொல்லும் இப்படிப் பிறந்ததே. விளிம்பு பல் பல்லாக வெட்டப்பட்டது என்பது அதன் பொருள். ஒரு காலத்தில் இங்கே புழங்கிய ஸ்பானிய வெள்ளி நாணயங்களின் விளிம்பைக் கண்டு மக்கள் இட்ட பெயர் அது. உலோகம் மறைந்துவிட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

வெள்ளி எப்படித் தாளாயிற்று? அந்தத் தாளின் அளவு கூடியபோதும் குறைந்தபோதும் இந்த மண்ணில் வாழ்ந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது? இன்றைய உரையில் இதைத்தான் ஆராயப் போகிறோம்.

முதலில் ஓர் அடிப்படையைத் தெளிவாக்கிக் கொள்வோம். துணி அளக்கக் கோல் இருக்கிறது. அரிசி நிறுக்கத் தராசு இருக்கிறது. உழைப்பை, கடனை, சேமிப்பை, சொத்தை அளக்க நாம் வைத்திருக்கும் கோல் எது? பணம்தான். ஆனால் மற்றக் கோல்களுக்கு இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு. இந்தக் கோல் நீளும், சுருங்கும். நாட்டில் புழங்கும் பணத்தின் அளவுக்கும், அங்கே விற்பனைக்கு இருக்கும் பொருளின் அளவுக்கும் உள்ள உறவே அதை நீட்டுவதும் சுருக்குவதும்.

ஒரு சிற்றூரை எண்ணிப் பார்ப்போம். அங்கே ஒரே சந்தை. சந்தையில் நூறு மூட்டை அரிசி. ஊரார் கையில் மொத்தம் ஆயிரம் வெள்ளி. மூட்டை பத்து வெள்ளிக்கு விற்கிறது. ஓரிரவில் ஊரார் கையிலுள்ள பணம் இரண்டாயிரம் ஆகிவிடுகிறது. ஆனால் அரிசி அதே நூறு மூட்டைதான். ஊர் பணக்கார ஊராகிவிட்டதா? இல்லை. மூட்டையின் விலை இருபது வெள்ளி ஆகிவிடும், அவ்வளவே. மாறாக, பணம் ஐந்நூறாகச் சுருங்கினால் என்ன ஆகும்? விலை ஐந்து வெள்ளியாக இறங்கும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் பத்து வெள்ளி விலையை நம்பிக் கடன் வாங்கிப் பயிரிட்டவனுடைய கடன் இறங்காது. கூலிக்கு ஆள் வைத்தவன் முதலில் ஆளைத்தான் நிறுத்துவான். ஆகவே பணம் மிகுந்தாலும் துன்பம், குறைந்தாலும் துன்பம். அந்தத் துன்பம் எல்லார் மீதும் சமமாக விழுவதும் இல்லை. யார் மீது விழுகிறது என்பதை நம் நாட்டு வரலாறே காட்டுகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியார் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றையும் 1826ஆம் ஆண்டில் ஒன்றாக இணைத்தபோது, தங்கள் இந்திய ரூபாயையே இங்கும் பரப்ப விரும்பினர். ஆனால் வணிகர்கள் அதை ஏற்கவில்லை. சீனத்தோடும் தீவுக் கூட்டங்களோடும் வாணிகம் செய்தவர்களுக்கு ஸ்பானிய வெள்ளியும் மெக்சிகோ வெள்ளியுமே வேண்டியிருந்தன. அரசு ஏடுகளில் ரூபாய்க் கணக்கு. கடைத்தெருவில் வெள்ளிக் கணக்கு. இந்த இரட்டை வாழ்வு பல ஆண்டுகள் நீடித்தது. 1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் இலண்டனின் நேரடி ஆட்சிக்கு மாறியபோதுதான், கடைத்தெருவின் வெள்ளியைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது.

வெள்ளி உலோகம் பணமாக இருந்த காலத்தில் பணத்தின் அளவை இங்குள்ள எவரும் தீர்மானிக்கவில்லை. அமெரிக்கச் சுரங்கங்களில் எவ்வளவு வெட்டி எடுக்கிறார்கள், ஐரோப்பிய நாடுகள் எந்த உலோகத்தை நாடுகின்றன என்பவையே தீர்மானித்தன. 1870களில் செருமனியும் அதைத் தொடர்ந்து வேறு நாடுகளும் வெள்ளியைக் கைவிட்டுத் தங்கத்தை நாணய அடிப்படையாகக் கொண்டன. அமெரிக்காவிலோ புதிய வெள்ளிச் சுரங்கங்கள் பெருகின. வேண்டுவோர் குறைந்து, வருவது கூடினால் விலை என்னாகும்? 1870களின் தொடக்கத்தில் நான்கு ஷில்லிங்கிற்கு மேல் மதிப்புப் பெற்றிருந்த ஒரு வெள்ளி, 1902இல் இரண்டு ஷில்லிங்கிற்கும் கீழே இறங்கிவிட்டது. ஈயத்தை வெளிநாட்டில் விற்றவருக்கு அது இலாபம். அங்கிருந்து பொருள் வரவழைத்தவருக்கு நட்டம்.

இந்த ஆட்டத்தை நிறுத்த முயன்றனர். நாணய ஆணையர்கள் என்ற ஓர் அமைப்பு 1899 முதல் அரசாங்கத் தாள்களை வெளியிட்டது. 1903இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்றே தனி வெள்ளி நாணயம் வந்தது. 1906இல் ஒரு வெள்ளிக்கு இரண்டு ஷில்லிங் நான்கு பென்னி என்று மதிப்பு நிலைநிறுத்தப்பட்டது. அதாவது ஏழு பவுனுக்கு அறுபது வெள்ளி. போர்க்காலம் நீங்கலாக, 1967 வரை இந்தக் கணக்கு மாறவே இல்லை.

இந்த நாணய வாரியம் வேலை செய்த முறையை நாம் கவனிக்க வேண்டும். நம் தோட்டத்து ரப்பரும் சுரங்கத்து ஈயமும் வெளிநாட்டில் விற்கும். அதற்குரிய பவுன் இலண்டனில் சேரும். அந்தப் பவுனை அங்கே வாரியத்தின் கணக்கில் கட்டினால்தான், இங்கே அதற்கு ஈடான வெள்ளித் தாள் வெளிவரும். பவுனைத் திரும்ப எடுத்தால், இங்குள்ள தாள் வாரியத்திடம் திரும்பிப் போய்விடும். ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் முழு ஈடு இருந்தது. எந்த ஆட்சியாளரும் நினைத்தபடி தாள் அச்சடிக்க முடியாது. மலாயா வெள்ளியின் மீது உலகம் வைத்த நம்பிக்கைக்குக் காரணம் இதுதான்.

நம்பிக்கைக்கு ஒரு விலை இருந்தது. ஏரியில் நீர் இருந்தது; மதகும் இருந்தது; ஆனால் மதகைத் திறக்கவும் மூடவும் நம்மிடம் ஆள் இல்லை. ரப்பர் விலை ஏறினால் நாட்டில் பணம் பெருகும். ரப்பர் விலை விழுந்தால், எப்போது பணம் மிகவும் தேவையோ அப்போதே அது வற்றும்.

1925இல் ஒரு இராத்தல் ரப்பர் ஒரு வெள்ளிக்கும் மேல் விற்றது. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. மோட்டார் வண்டி வாங்குவோர் குறைந்தனர். வண்டிச் சக்கரத்துக்கான ரப்பரைக் கேட்பாரும் குறைந்தனர். 1932இல் அதே இராத்தல் ரப்பரின் சராசரி விலை ஏறத்தாழ ஏழு காசு! பவுன் வரவு குன்றியது. வெள்ளித் தாளின் புழக்கமும் சுருங்கியது. வருவாய் இழந்த அரசாங்கம் தானும் செலவைக் குறைத்தது, ஆட்களைக் குறைத்தது. விலை வீழ்ச்சி வெளியிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்த அடியைத் தாங்கிக்கொள்ள நம் பண ஏற்பாட்டில் இடமே இல்லை.

அந்த அடி யார் மீது விழுந்தது? தோட்டத்தில் ஆண்களுக்கு 50 காசு, பெண்களுக்கு 40 காசு என்றிருந்த நாட்கூலி, 1930இல் 40 காசாகவும் 32 காசாகவும் வெட்டப்பட்டது. பிறகு இன்னும் இறங்கியது. வேலையே இல்லை என்றாகிவிட்ட ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள், 1930 முதல் 1932 வரையிலான காலத்தில் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். மனைவி மக்களோடு மூட்டை முடிச்சுகளைக் கட்டிக்கொண்டு துறைமுகத்தில் நின்ற அவர்கள், நியூயார்க் எங்கே இருக்கிறது என்று கூடக் கேட்டறியாதவர்கள்.

பணம் வற்றினால் நோய் முற்றும் என்பது மலாயாவுக்கு மட்டும் உரிய பாடம் அன்று. அமெரிக்காவின் பண வரலாற்றை ஆராய்ந்த மில்ட்டன் ஃபிரீட்மன், ஆன்னா சுவார்ட்ஸ் ஆகிய இருவரும் 1963இல் வெளியிட்ட நூலில், 1929க்கும் 1933க்கும் இடையே அந்த நாட்டின் பண அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுருங்கியதைக் காட்டினர். வங்கிகள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டபோது நடுவண் வங்கி கைகட்டி நின்றதே, சாதாரண மந்தத்தைப் பெரும் பஞ்சமாக்கியது என்பது அவர்கள் வாதம். அமெரிக்காவில் மதகுக்கு ஆள் இருந்தும் திறக்கவில்லை. மலாயாவில் திறக்க ஆளே இல்லை. விளைவு ஒன்றாகவே இருந்தது.

நேயர்களே, இதுவரை பணம் வற்றிய கதையைப் பார்த்தோம். இனி, பணம் பெருக்கெடுத்த கதைக்கு வருவோம்.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவில் கரையேறின. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. வந்தவர்கள் துப்பாக்கியோடு தாளையும் கொண்டு வந்தனர். பத்து வெள்ளித் தாளில் குலை தள்ளிய வாழைமரம் வரையப்பட்டிருந்தது. அதனால் அந்தப் பணம் முழுவதற்குமே வாழைமரப் பணம் என்று பெயர் வந்துவிட்டது. கேட்டவுடன் பத்து வெள்ளி தருவதாக ஜப்பானிய அரசு வாக்களிக்கிறது என்று அதில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. எந்தப் பத்து வெள்ளி? எதிலிருந்து தருவார்கள்? அதற்குப் பின்னால் பவுனும் இல்லை, பொன்னும் இல்லை. முதலில் வந்த தாள்களில் வரிசை எண்ணாவது இருந்தது. பின்னர் வந்தவற்றில் அதுவும் இல்லை. எழுத்துக் குறிகள் மட்டுமே இருந்தன. எண்ணில்லாத தாளை எவ்வளவு அடித்தார்கள் என்று யார் எண்ணுவது?

பழைய மலாயாத் தாளும் வாழைமரத் தாளும் ஒன்றுக்கு ஒன்று சமம் என்று ஆணை பிறந்தது. ஆனால் மக்கள் மனம் ஆணைக்குக் கட்டுப்படவில்லை. நல்ல பணத்தை ஒளித்து வைத்தனர். மட்டமான பணத்தைச் செலவிட்டனர். பழைய தாள் தகரப் பெட்டிக்குள்ளும் மண்ணுக்குள்ளும் போய்விட்டது. 1942இல் சீனச் சமூகத்தார் 50 மில்லியன் வெள்ளி செலுத்த வேண்டும் என்று ஜப்பானியர் கட்டளையிட்டனர். போருக்கு முன் மலாயாவில் புழங்கிய பணத்தில் அது ஏறத்தாழ கால் பங்கு. இப்படி நல்ல பணம் ஒரு வழியில் உறிஞ்சப்பட, வேறு வழியில் வாழைமரத் தாள் வெள்ளமாய்ப் பாய்ந்தது. படைக்குச் சம்பளம், சாலைக்குச் செலவு, இரயில் பாதைக்குக் கூலி என எதற்கும் அச்சடித்த தாளே விடை.

பணம் இப்படிப் பெருகிய அதே வேளையில் பொருள் என்னாயிற்று? போருக்கு முன் நாம் உண்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. போரில் கப்பல்கள் நின்றன. அரிசி பங்கீட்டுப் பொருளாயிற்று. பங்கீடும் குறைந்துகொண்டே போயிற்று. மரவள்ளிக் கிழங்கே பல வீடுகளில் சோறாயிற்று. துணி இல்லை; மருந்து இல்லை. ரப்பரை வாங்க ஆள் இல்லை. ஒரு பக்கம் பணம் மலை போல் உயர, மறுபக்கம் பொருள் மடு போல் தாழ்ந்தது. விலை ஏறாமல் என்ன செய்யும்?

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. பணத்தின் அளவு மட்டுமன்று, அது கைமாறும் வேகமும் விலையை ஏற்றும். நாளைக்கு இந்தத் தாள் இன்னும் மட்டமாகிவிடும் என்று அறிந்தவன் அதைக் கையில் வைத்திருப்பானா? வாங்கிய சம்பளத்தை அன்றே பொருளாக்கிவிடத் துடித்தனர். சர்க்கரை, சிகரெட், தையல் இயந்திரம் என எது கிடைத்தாலும் சரி. தாள் கையில் தங்கக் கூடாது. எல்லாரும் இப்படி ஓடியபோது தாள் மேலும் வேகமாகச் சுழன்றது. விலை மேலும் வேகமாக ஏறியது. ஜப்பானியருக்கும் இது புரியாமல் இல்லை. மக்களிடமிருந்து தாளைத் திரும்ப உறிஞ்சச் சேமிப்பு இயக்கம் நடத்தினர். சியோனான் என்று அவர்கள் பெயரிட்டிருந்த சிங்கப்பூரில் 1943இல் கோனான் சைக்கென் என்ற அதிர்ஷ்டச் சீட்டையும் தொடங்கினர். ஒரு கையால் அள்ளி இறைத்துக்கொண்டே மறு கையால் பொறுக்கப் பார்த்தனர். பொறுக்கியது எவ்வளவு, இறைத்தது எவ்வளவு!

போருக்குப் பின் சட்டத்தில் ஓர் அட்டவணை சேர்க்கப்பட்டது. நூறு மலாயா வெள்ளிக்கு ஈடாக எத்தனை வாழைமர வெள்ளி வேண்டியிருந்தது என்பதை அது காட்டுகிறது. 1942 இறுதிவரை நூற்றுக்கு நூறு என்று அது கொள்கிறது. 1943 டிசம்பரில் 385. 1944 டிசம்பரில் 1,850. 1945 ஆகஸ்டு தொடக்கத்தில் 10,500. ஜப்பான் பணியும் தறுவாயில், அதே ஆகஸ்டு மாத நடுவில், 95,000. அதற்குப் பிறகு எண்ணே இல்லை, வெறும் தாள்தான்.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் இராணுவ நிருவாகம் வந்தது. ஜப்பானியத் தாள் செல்லாது என்று அறிவித்தது. அதற்கு மாற்றாக எதுவும் தரப்படவில்லை. பெட்டி நிறையப் பணம் வைத்திருந்தவன் அன்று காலையில் பணக்காரன், மாலையில் ஏழை. பழைய மலாயாத் தாளை மண்ணில் புதைத்து வைத்தவனுடைய பணமோ உயிர்பெற்று எழுந்தது. 1941 ஜூலை முதல் தேதியிட்டு பிரிட்டனில் அச்சிடப்பட்டிருந்த புதிய மலாயாத் தாள்கள் புழக்கத்துக்கு வந்தன.

இந்த மூன்றரை ஆண்டுகளில் இழந்தவர் யார் என்று எண்ணிப் பார்ப்போம். சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்களை நாம் அறிவோம். அவர்களுக்கு வாக்களிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு ஒரு வெள்ளி. பல்லாயிரவர் திரும்பவே இல்லை. உயிரோடு திரும்பியவர் கையில் ஏதேனும் மிஞ்சியிருந்தால், அது இந்தத் தாள்தான். உழைப்பு மெய், வேர்வை மெய், காய்ச்சல் மெய், கூலி மட்டும் பொய்.

இழந்தவர் உண்டென்றால் பெற்றவரும் உண்டு. போருக்கு முன் நல்ல வெள்ளியில் கடன் வாங்கியவர்கள், போர்க்காலத்தில் மலிவாகக் கிடைத்த வாழைமரத் தாளைக் கொண்டு அந்தக் கடனை அடைத்தனர். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் பினாங்கிலும் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் நடத்திய நகரத்தார் பலர், தாங்கள் கொடுத்த நல்ல பணத்துக்கு இந்தத் தாளை வாங்கிக்கொள்ள நேர்ந்தது. ஏற்க மறுத்தால் ஆட்சியாளரின் சினத்துக்கு ஆளாக வேண்டும். கடன் வாங்கியவரில் நேர்மையான உழவரும் உண்டு. வாய்ப்பைப் பயன்படுத்திக் கொண்டவரும் உண்டு. கடன் கொடுத்தவரில் பெருஞ்செல்வரும் உண்டு. ஊரில் விதவைத் தாய் நம்பிக் கொடுத்த சிறு தொகையை முதலாக வைத்தவரும் உண்டு.

இந்த வழக்கை எப்படித் தீர்ப்பது? 1948இல் மலாயாக் கூட்டரசு, ஜப்பானியர் காலத்துக் கடன் கொடுக்கல் வாங்கல் பற்றி ஒரு சட்டம் இயற்றியது. நாம் சற்று முன் சொன்ன அட்டவணை அந்தச் சட்டத்தில் உள்ளதுதான். தாளின் மதிப்பு மிகவும் குலையாத தொடக்கக் காலத்தில் செலுத்தியது செல்லும். பிற்காலத்தில் செலுத்திய பெரிய தொகைகளை அட்டவணைப்படி இறக்கிக் கணக்கிட வேண்டும். இதுவே அதன் போக்கு. சட்டம் தன்னால் இயன்றதைச் செய்தது. ஆனால் யாருக்கும் முழு மனநிறைவு இல்லை. இருக்கவும் முடியாது. அளக்கும் கோலே உடைந்த பிறகு நீதிபதி எதைக் கொண்டு அளப்பார்? பணம் கெடும்போது விலைவாசி மட்டும் கெடுவதில்லை. மனிதனுக்கு மனிதன் கொடுத்த வாக்கும் கெடுகிறது. வாழைமரப் பணம் விட்டுச் சென்ற பெரிய பாடம் இதுவே.

போருக்குப் பின் பழைய நாணய வாரியமே திரும்பியது. கூடவே பழைய குறையும் திரும்பியது. கொரியாப் போரின்போது, 1951இன் தொடக்கத்தில், ரப்பர் இராத்தல் இரண்டு வெள்ளியைத் தாண்டிற்று. பணம் பெருகியது; விலைவாசியும் உயர்ந்தது. இறங்கும்போதும் ரப்பரோடு இறங்கினோம்; ஏறும்போதும் ரப்பரோடு ஏறினோம்.

1957இல் மலாயா விடுதலை பெற்றது. 1959 ஜனவரியில் நடுவண் வங்கியாகிய பேங்க் நெகாரா நிறுவப்பட்டது. ஆயினும் தாள் வெளியிடும் உரிமை உடனே அதன் கைக்கு வரவில்லை. 1967 ஜூன் 12ஆம் நாள்தான் மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்றும் தனித்தனியே தம் சொந்த நாணயத்தை வெளியிட்டன. பழைய வாரியத்தின் தாள்களும் கூடவே புழங்கின. மக்கள் மெல்ல மெல்ல மாற்றிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தனர்.

அப்போது எதிர்பாராத ஒன்று நடந்தது. அதே ஆண்டு நவம்பர் 18இல் பிரிட்டன் தன் பவுனின் மதிப்பை நூற்றுக்குப் பதினான்குக்கும் சற்று மேல் குறைத்துவிட்டது. புதிய மலேசிய வெள்ளி தன் மதிப்பில் நின்றது. ஆனால் பழைய தாள் பவுனோடு கட்டுண்டது அல்லவா? அது பவுனோடு சேர்ந்து இறங்கியது. ஒரு பழைய வெள்ளி, புதிய காசில் 85 ஆயிற்று. வங்கியில் பணம் வைத்திருந்தவருக்குக் கவலை இல்லை. அஞ்சறைப் பெட்டியிலும் தலையணை உறையிலும் பழைய தாளைச் சேர்த்து வைத்திருந்த ஏழைகளுக்கே இழப்பு. வாழைமரப் பணத்தை நேரில் கண்ட தலைமுறை அன்று உயிரோடு இருந்தது. மீண்டும் தாள் செல்லாமல் போகிறதோ என்ற அச்சம் அவர்களை எப்படி உலுக்கியிருக்கும்! பினாங்கில் நவம்பர் 24இல் கடையடைப்பு நடந்தது. அது கலவரமாக மாறியது, ஊரடங்குச் சட்டம் வந்தது, உயிர்கள் பலியாயின. நூற்றுக்குப் பதினைந்து காசு என்று ஏட்டில் எழுதுவது எளிது; அந்தப் பதினைந்து காசு ஒருவனுடைய பல நாள் பட்டினியாக இருக்கக்கூடும்.

அன்று முதல் மதகு நம் கைக்கு வந்தது. 1973 மே மாதத்தில் மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று சமமாக மாறும் ஏற்பாடும் முடிந்தது. 1975இல் ரிங்கிட் என்ற பெயர் அதிகாரப் பெயராயிற்று. சிங்கப்பூரில் 1971இல் தொடங்கிய நாணய ஆணையம், 1981 முதல் தன் வெள்ளியின் வெளிநாட்டு மாற்று மதிப்பைக் கவனித்தே விலைவாசியைக் கட்டுப்படுத்தி வருகிறது. பேங்க் நெகாரா வட்டி விகிதத்தை முதற்கருவியாகக் கொண்டிருக்கிறது. வழி வேறு, நோக்கம் ஒன்று.

பணத்தின் அளவு என்றால் நம் சட்டைப் பையில் உள்ள தாள் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. இக்காலத்தில் பணத்தின் பெரும்பகுதி வங்கிக் கணக்குகளில் எழுத்தாக இருக்கிறது. வங்கி ஒருவருக்குக் கடன் கொடுக்கும்போது அவர் கணக்கில் ஒரு தொகையை எழுதுகிறது. அந்த எழுத்தும் பணமே. அதைக் கொண்டு வீடு வாங்கலாம், வண்டி வாங்கலாம். வட்டி குறைந்தால் கடன் வாங்குவோர் மிகுவர், பணம் பெருகும். வட்டி ஏறினால் கடன் சுருங்கும், பணமும் சுருங்கும். வட்டியை ஏற்றியதாகவோ குறைத்ததாகவோ செய்தியில் கேட்கும்போது, மதகு ஓர் அங்குலம் மூடுகிறது அல்லது திறக்கிறது என்று நாம் பொருள் கொள்ளலாம்.

மதகு நம் கையில் இருப்பதாலேயே துன்பம் வராது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. 1973இன் இறுதியில் எண்ணெய் விலை ஏறத்தொடங்கிச் சில மாதங்களில் நான்கு மடங்கானது. உணவுப் பொருளும் ஏறியது. 1974இல் மலேசியாவில் விலைவாசி நூற்றுக்குப் பதினேழு அளவில் உயர்ந்தது. சிங்கப்பூரில் இருபத்திரண்டு அளவில் உயர்ந்தது. எண்ணெயை அச்சடிக்க எந்த வங்கியாலும் இயலாது. ஆனால் ஏறிய விலையைத் துரத்திக்கொண்டு பணமும் பெருகாதபடி தடுக்க இயலும். நல்ல நடுவண் வங்கியின் வேலை, அற்புதம் செய்வதன்று. கோல் நீளாமலும் சுருங்காமலும் பார்த்துக்கொள்வது.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பார்கள். நம் வரலாறு அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறது: அளவுக்குக் குறைந்தால் அமுதம் இருந்தும் பயனில்லை. 1932இல் தோட்டத்தில் மரம் இருந்தது; பால் இருந்தது; வெட்டக் கையும் இருந்தது; ஆனால் கையில் காசு வராததால் குடும்பங்கள் கப்பலேறின. 1945இல் கையில் கட்டுக்கட்டாய்ப் பணம் இருந்தது. ஆனால் உலையில் இட அரிசி இல்லை. இரண்டு காலத்திலும் அதிகமாக இழந்தவர்கள் ஒரே வகையினர். நிலமோ நகையோ இல்லாதவர்கள். நாட்கூலியையும் சிறு சேமிப்பையும் பிறர் கொடுத்த வாக்கையும் நம்பி வாழ்ந்தவர்கள். செல்வன் தன் செல்வத்தைப் பொன்னாகவும் மண்ணாகவும் மாற்றி ஒளிந்துகொள்வான். ஏழைக்குப் பணத்தைத் தவிர வேறு ஒளிவிடம் இல்லை. ஆகவே நாணயத்தின் மதிப்பைக் காப்பது பணக்காரர்களின் கவலை என்று எண்ணுவது தவறு. அது முதலில் ஏழையின் உரிமை.

தமிழில் நாணயம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று காசு, மற்றொன்று சொன்ன சொல் தவறாமை. நம் முன்னோர் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தது எவ்வளவு பொருத்தம்! காசு என்பது ஒரு வாக்கு. எவ்வளவு அச்சடிக்கிறோம் என்பதிலேதான் அந்த வாக்கு நிற்கிறது அல்லது விழுகிறது. வெள்ளி உலோகம் நம் பணத்தை விட்டுப் போய்விட்டது. நாணயம் போகாமல் இருக்க வேண்டும். அதைக் கேட்கும் உரிமையும், கேட்டறியும் கடமையும் குடிமக்களாகிய நம் எல்லாருக்கும் உண்டு.